நான்காவதாக நடந்தவள்

என் தம்பி சிங்கப்பூரிலிருந்து அந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து பினாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது, வாய்க்கு வந்தபடியெல்லாம் அவனை ஏசினேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். "துக்கம் கேக்க வந்தவன் பொம்மை தூக்கிட்டு வந்திருக்கான் பாரு. உனக்கு அறிவு இருக்கா?" என்று கேட்டேன். அது சாம்பல் நிறத்தில், இரண்டு கையாலும் பிடிக்கும் அளவில், சின்னத் திரையோடு இருந்தது. தம்பி பயந்துபோய், "அண்ணே, இது உங்களுக்கு இல்ல லா. அண்ணி நாள் முழுக்க சும்மாவே உட்கார்ந்திருக்காங்கன்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க. அதான் என்னோடத எடுத்துட்டு வந்தேன்," என்றான்.

என் மனைவி சும்மா உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஐந்து வாரத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், எங்கள் பெண் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். சித்தப்பா கார் ஓட்டினார், நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பத்து லஞ்சாங் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தோம். இதெல்லாம் ஆண்கள் காரியம் என்றார்கள். பெற்றவள் பார்க்கக்கூடாது, பார்த்தால் மனசு தாங்காது என்று அவளிடம் குழந்தையைக் காட்டவே இல்லை. அவள் மயக்கம் தெளிந்து கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெயர் மட்டும் நாங்கள் முன்பே யோசித்து வைத்திருந்தோம். பெண்ணாக இருந்தால் இது என்று அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஆனால் பத்தியச் சாப்பாடு சமைத்துப்போட வந்திருந்த என் மாமியார், அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேரு சொல்லிக் கூப்பிட்டா வீட்டையே சுத்திக்கிட்டு இருக்கும் மாப்பிள்ளை. அடுத்த புள்ளைக்கு ஆகாது. நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசு, இன்னொன்னு பொறக்கும்," என்றார். நானும் அதையே ஆஸ்பத்திரியில் கிளிப்பிள்ளை மாதிரி அவளிடம் சொன்னேன். இன்னொன்னு பொறக்கும் புள்ள, அழாத. அவள் அழவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

பால் மட்டும் நிற்காமல் சுரந்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று மாமியார் என்னைத் தினம் லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பினார். மார்க்கெட் தெருவில் பூக்கட்டுகிற அக்கா மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, டெய்லி அஞ்சு முழம்? வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பினாங்கு ரோடு வரும்வரை எனக்குக் கண் தெரியவில்லை. ஒரு பஸ்காரன் என்னைத் திட்டிக்கொண்டே போனான்.

இப்படி இருந்த வீட்டில்தான் அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் ஒன்பதாவது மாடி. நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், மாமியார் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த என் மனைவி திடீரென்று, "அய்யோ, செத்துட்டேன்!" என்றாள்.

ஐந்து வாரத்தில் அவள் சொன்ன முதல் வார்த்தை. மாமியார் கையிலிருந்த தட்டு பூண்டோடு கீழே விழுந்தது. "அடிப்பாவி, வாயக் கழுவு! பச்சை உடம்புக்காரி பேசுற பேச்சா இது?" என்று ஓடி வந்தார். நானும் ஓடினேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரெண்டே ரெண்டு வாசல் தாண்டினேன். நாலு பேரையும் அடிச்சிடுச்சு," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அது என்ன விளையாட்டு என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. தம்பி போவதற்கு முன்னால் சொல்லித்தான் போயிருந்தான்: பூமிக்கு அடியில் இருட்டுச் சுரங்கம், மாடி மாடியாகக் கீழே இறங்கவேண்டும், நாலு பேர் சேர்ந்து போகவேண்டும், பூதம் வந்தால் சண்டை. அவனே இரண்டாவது தளத்துக்குக் கீழே போனதில்லையாம். எட்டிப் பார்த்தால் பச்சை கலந்த மங்கல் திரையில் சுவர், சுவர், திரும்பினால் இன்னொரு சுவர். திரைக்கு உள்ளே வெளிச்சம் கிடையாது, அதனால்தான் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பத்தடி நடப்பதற்குள் ஏதோ ஒன்று முளைக்கும், அடிக்கும், எல்லாரும் சாவார்கள். மனுஷன் காசு கொடுத்து வாங்கி அழுவதற்கு ஒரு விளையாட்டா என்று நினைத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னாள். வாங்கிக் கொடுத்தேன். அதில் சுரங்கத்தின் வழியை அடி அடியாகப் பென்சிலால் வரைந்தாள்.

மாமியார் ஊருக்குப் போன பிறகும் இதே கூத்துதான். நான் லோரிப் பட்டறையில் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸில் புரண்டுவிட்டு வந்தால், அரிசி ஊறவே போட்டிருக்க மாட்டாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "சோறாக்க நேரம் இல்ல, பேய் புடிக்க மட்டும் நேரம் இருக்கா? நாலு கட்டு பேட்டரி முடிஞ்சிருச்சு இந்த வாரம். பைத்தியக்காரின்னு ஊரே சிரிக்கும்!" அவள் பெட்டியை அணைத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆத்திரத்தில் அதைக் கையில் எடுத்தேன். வெளியே வீசிவிடலாம் என்றுதான் எடுத்தேன். அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று பொத்தானைத் தள்ளினேன். இசை வந்தது, பிறகு ஊர், பிறகு சுரங்க வாசல். எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அமுக்கியதில் எங்கோ ஆழத்துக்குப் போய்விட்டேன். சிலந்தி மாதிரி ஏதோ ஐந்து வந்தன. திரையின் கீழே நாலு பேருடைய பெயர்களும், பக்கத்தில் எவ்வளவு உயிர் மிச்சம் என்ற எண்ணும் இருந்தன. ஒரு பெயருக்கு ஆங்கிலத்தில் நாலே எழுத்துதான் இடம். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது என் தம்பியுடையது. மூன்றாவது அவளுடையது. நான்காவதாக, எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாத அந்தப் பெயர் இருந்தது, நாலு எழுத்துக்குச் சுருக்கி.

முன்னால் நின்ற என்னைத்தான் சிலந்திகள் முதலில் கொன்றன. பிறகு தம்பியை. பிறகு அவளை. நான் அமுக்கின பொத்தான் எதுவும் உதவவில்லை. கடைசியில் அந்த நாலு எழுத்துக்குப் பக்கத்திலிருந்த எண் ஒன்பது, ஐந்து என்று குறைந்து பூஜ்யமானது. பெயர் இருந்த இடத்தில் ஒரு கல்லறை வந்தது. அணைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அவள் குளித்துவிட்டு வந்து பெட்டியை எடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, முருகா, முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமான இசை வந்தது. மெல்லப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். நாலு பேரும் ஊர்ச் சத்திரத்தில் முழு உயிரோடு இருந்தார்கள். அங்கே படுத்து எழுந்தால்தான் ஆட்டம் பெட்டிக்குள் இருக்கும் கேசட்டில் பதியுமாம், அவள் கடைசியாகப் பதித்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்கள். நான் கொன்றது எதுவும் கணக்கில் சேரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த நாலாவது ஆளு என்ன பண்ணுவா?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "காயத்த ஆத்துவா. சண்டை போடத் தெரியாது. ரெண்டு அடி பட்டாலே போயிடுவா. அதனாலதான் பின்னாடி நிக்க வச்சிருக்கேன்," என்றாள்.

அன்றிலிருந்து நான் வேலை முடிந்து வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி, "இன்னிக்கு எத்தனாவது தளம்?" என்பதுதான். சோற்றை நானே ஆக்கினேன், குழைந்தாலும் சாப்பிட்டாள். இருட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்காருவோம். அவள் பொத்தானை அமுக்குவாள், நான் நோட்டில் வழி வரைவேன். அந்த விளையாட்டில் இரக்கம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. தரை என்று நினைத்து மிதித்தால் பள்ளம். புதையல் பெட்டியைத் திறந்தால் விஷம். செத்தவர்களை ஊர்க் கோயிலுக்குத் தூக்கிப்போனால் பூசாரி எழுப்புவார், ஆனால் சில தடவை அவரால் முடியாது. ஆள் சாம்பலாகிவிடுவான். இன்னொரு தடவையும் தவறினால் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும். நானும் தம்பியும் அதில் எத்தனையோ தடவை செத்துப் பிழைத்தோம். அவள்கூட ஒருமுறை சாம்பலாகி எழுந்தாள். நாலாவது ஆளை மட்டும் அவள் ஒருநாளும் சாகவிட்டதில்லை. அந்த எண் பாதிக்கு இறங்கினாலே ஓட்டமாக ஓடி மேலே வந்துவிடுவாள்.

"இப்படிப் பயந்தா எப்ப அடி வரைக்கும் போறது லா?" என்று ஒருநாள் கேலி செய்தேன்.

"நான் அடிக்குப் போறதுக்கு விளையாடல. இவ இன்னிக்கும் வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்," என்றாள்.

அப்படியே மூன்று மாதம் ஓடியது. பெண் பதினொன்றாம் நிலைக்கு வந்துவிட்டாள். இரண்டு அடி பட்டால் போகிறவள், இப்போது இருபது அடி தாங்கினாள். எங்களைவிடப் பெரிய மந்திரம் போட்டாள். அவள் ஒவ்வொரு நிலை ஏறும்போதும் என் மனைவி என் தொடையில் அடிப்பாள். அரிசி ஊறப்போட ஆரம்பித்தாள். கீழ் வீட்டு அக்காவோடு பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தாள். பால் வற்றியிருந்தது. அந்தப் பெண்ணை நானும் வாய்விட்டுக் கூப்பிடவில்லை, ஆனால் "இவளுக்கு நல்ல சட்டை ஒண்ணு வாங்கு," என்று ஊர்க்கடையைக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அது பெரிய நாள். ஸ்பேனரெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். தீபாராதனை முடிந்ததும் ஒரு லோரியை ஸ்டார்ட் செய்து உறும விடுவோம். ஆயுதத்துக்குப் பொட்டு வைத்தால் மட்டும் போதாது, சாமி முன்னால் ஒருமுறை ஓடவேண்டும். அது எங்கள் பழக்கம். பட்டறையில் முடித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டில் செய்தேன். சாமிப் படத்துக்கு முன்னால் வாழை இலை விரித்து என் ஸ்பேனர் பெட்டி, அவளுடைய தையல் கத்தரிக்கோல், மோட்டார் சைக்கிள் சாவி எல்லாம் வைத்தேன். பிறகு ஜன்னலோரம் போய் விளையாட்டுப் பெட்டியை எடுத்தேன். "இதையும் வைக்கவா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். மூன்று மாதத்தில் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்க்கவில்லை. "வைங்க," என்றாள்.

பெட்டியின் முதுகில் கேசட் செருகியிருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அடியில் பித்தளைப் பற்கள். பெண் இருப்பது அதற்குள்தானே என்று அதைத் தனியாக உருவினேன். வருஷக்கணக்கான அழுக்கு. ஈரத்துணியால் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தேன். சந்தனத்தைப் பன்னீரில் நீர்க்கக் குழைத்து, ஒரு பொட்டு வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். அவள் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் பெரிசா வைங்க. புள்ளைக்கு எடுப்பா இருக்கட்டும்," என்றாள். இன்னும் கொஞ்சம் சந்தனத்தை அள்ளி வைத்தேன். எல்லாவற்றின் மேலும் பன்னீர் தெளித்தேன். சூடம் காட்டினேன். தீபாராதனை முடிந்ததும், லோரிக்குச் செய்வது போலவே, அந்தக் கேசட்டை ஈரத்தோடு பெட்டியில் செருகிப் பொத்தானைத் தள்ளினேன்.

திரையில் கறுப்புக் கோடு கோடாக வந்தது. இசை வரவில்லை. "பேட்டரி வீக்கா இருக்கும்," என்று உடனே அணைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை தொடக்கூடாது, அதனால் அவளும் கேட்கவில்லை. லோரி எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவன் நான். மின்சாரம் ஓடுகிற சாமானில் ஈரம் படக்கூடாது என்பது எங்கள் பட்டறையில் டீ வாங்கிவருகிறவனுக்குக்கூடத் தெரியும். அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை.

காலையில் புது பேட்டரி போட்டும் அதே கோடுகள். "கொண்டா, ரிப்பேர் பண்ணிட்டு வரேன்," என்று கொம்தார் கடைவளாகத்துக்கு ஓடினேன். அங்கே விளையாட்டுச் சாமான் விற்கிற சீனக் கடைக்காரர் கேசட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ன, சாமி கும்பிட்டியா?" என்று மலாயில் கேட்டார். உள்ளே சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. ஏதோ மருந்து போட்டுத் துடைத்து, மூடி, போட்டுக் காட்டினார். இசை வந்தது. எனக்கு உயிர் வந்தது. அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஆயர் ஈத்தாம் ரோடு முழுக்க முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன்.

"சரியாயிடுச்சு லா! பாட்டு வருது!" என்று வாசலிலேயே கத்தினேன். அவள் ஓடிவந்து வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டாள். இசை வந்தது. அதற்குப் பிறகு எப்போதும் இரண்டு வரி வரும்: விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஒன்று, புதிதாக ஆரம்பிப்பது ஒன்று. இப்போது ஒரே ஒரு வரிதான் இருந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் அணைத்துப் போட்டாள். புதிதாக ஆரம்பிக்கும் வரி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான் கெடுத்தேன். ஈரத்தோட போட்டுட்டேன். கெட்டிக்காரத்தனம் பண்ணி கெடுத்துட்டேன்," என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். இந்த மௌனம் எனக்குத் தெரியும், மறுபடி அதற்குள் போய்விடுவாளோ என்று பயந்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மறுபடி ஆரம்பிக்கலாம் புள்ள. நோட்டுல வழியெல்லாம் இருக்கு. அதே பேரு வச்சுக்கலாம். ஒரு மாசத்துல பழைய நிலைக்குக் கொண்டு வந்துரலாம்."

"அது வேற புள்ள," என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. இன்னொன்னு பொறக்கும், அழாத. அதற்கு அன்றைக்கு அவள் சொல்லாத பதில் இதுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டினார், நான் திறக்கவில்லை. அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுது ஓய்ந்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க. நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க. மூஞ்சி யாரு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உன்ன மாதிரிதான். அப்படியே உன்ன மாதிரி. மூக்கு மட்டும் என்னது," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். முடி இருந்ததா என்று கேட்டாள். நிறைய இருந்தது, சுருட்டையாக இருந்தது என்றேன். கண்? மூடியிருந்தது, தூங்குகிற மாதிரி இருந்தது என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு வந்த வருஷங்களிலும் கேட்டாள், நானும் மாற்றாமல் அதையே சொன்னேன்.

அன்று காரில் பத்து லஞ்சாங் போகும்வரை அந்தப் பொட்டலம் என் மடியில்தான் இருந்தது. சித்தப்பா, பிரிக்காதே, பார்த்தால் மறக்க முடியாது என்றார். நான் துணியை விலக்கிப் பார்க்கவே இல்லை.